சீனப் பெண்ணாக நடிக்க இடமில்லாத சீன வம்சாவளி நட்சத்திரம்: அன்னா மே வாங்கின் திரைவாழ்வு

லாஸ் ஏஞ்சலீஸில் 1938-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் தேதி நடைபெற்ற 10-ஆவது ஆஸ்கர் விருது விழாவில், சிறந்த நடிகைக்கான விருதைப் பெற்றவர் லூயிஸ் ரெய்னர். 'தி குட் எர்த்' என்ற திரைப்படத்தில் ஓலான் என்னும் சீனக் கிராமத்துப் பெண்ணாக நடித்ததற்காக அந்த விருது வழங்கப்பட்டது. ரெய்னர் ஜெர்மனியில் பிறந்தவர். ஒப்பனையின் துணையோடுதான் அவர் சீனப் பெண்ணாகத் திரையில் தோன்றினார். ஓலான் வேடத்தை எவரையும்விட அதிகம் விரும்பியவர் அதே நகரத்தில் பிறந்து வளர்ந்தவர், சீன வம்சாவளியினர், அப்போது உலகம் முழுவதும் அறியப்பட்டிருந்த நடிகை. அன்னா மே வாங் என்பது அவர் பெயர்.

அவருக்கு அந்த வேடம் கிடைக்காமல் போனதற்கு நடிப்புத் திறன் காரணமாக இருக்கவில்லை. அவர் சீனர் என்பதே காரணமாக இருந்தது. கேட்பதற்கு விந்தையாகத் தோன்றும் இந்தச் செய்தியைப் புரிந்துகொள்ள, அவருடைய வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

சலவைக்கடையில் தொடங்கிய வாழ்க்கை

1905-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் தேதி, லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் சீனர் குடியிருப்பை ஒட்டிய பிளவர் தெருவில் அன்னா மே வாங் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் வாங் லியூ சோங். பனி படர்ந்த அலரிமரம் என்பது அதன் பொருள். தந்தை வாங் சாம் சிங் சலவைக்கடை நடத்திவந்தார். தந்தையும் கலிபோர்னியாவில் பிறந்தவரே. தங்கச் சுரங்கக் காலத்தில் அங்கு குடியேறிய சீனர்களின் வழிவந்த குடும்பம் அது. எனவே பிறப்பால் அன்னா அமெரிக்கக் குடிமகள். அவர் பேசிய ஆங்கிலமும் கலிபோர்னிய ஆங்கிலம்தான்.

ஆயினும் அன்றைய அமெரிக்கச் சட்டம் அவரை வேறு கண்ணோடு பார்த்தது. சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் நுழைவதைத் தடுக்கும் சட்டம் 1882-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 1943 வரை நடைமுறையில் இருந்தது. அமெரிக்காவிலேயே பிறந்த சீன வம்சாவளியினரும் வெளிநாடு செல்லுமுன் தனி விண்ணப்பம் அளித்து, அதிகாரிகளின் விசாரணைக்கு உட்பட்டு, திரும்பி வருவதற்கான அனுமதியை உறுதிசெய்துகொள்ள வேண்டும். புகழின் உச்சியில் இருந்த காலத்திலும் அன்னா ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பு அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். அவரது புகைப்படம் ஒட்டிய அந்த ஆவணங்கள் அமெரிக்க ஆவணக்காப்பகத்தில் இன்றும் உள்ளன.

பள்ளியில் சக மாணவர்களின் இனக் கேலி தாங்க முடியாததால், பெற்றோர் அவரைச் சீனக் குழந்தைகளுக்கான பள்ளிக்கு மாற்றினர். சலவை செய்த துணிகளை வீடு வீடாகக் கொண்டுசேர்க்கும்போது கிடைத்த சில்லறைக் காசுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு அவர் திரையரங்குக்குச் சென்றார். அந்த ஆண்டுகளில்தான் திரைப்பட நிறுவனங்கள் கலிபோர்னியாவுக்கு இடம்பெயர்ந்து, சீனர் குடியிருப்பின் தெருக்களில் படப்பிடிப்பு நடத்தத் தொடங்கியிருந்தன. வகுப்பைத் தவிர்த்துவிட்டு அந்தப் படப்பிடிப்புகளை வேடிக்கை பார்ப்பது சிறுமியின் வழக்கமாயிற்று. அன்னா மே வாங் என்ற திரைப்பெயரைத் தமக்குத் தாமே சூட்டிக்கொண்டபோது அவருக்கு வயது 11.

1919-இல் வெளியான 'தி ரெட் லாண்டர்ன்' படத்துக்குச் சீனத் தோற்றம் கொண்ட துணை நடிகையர் நூற்றுக்கணக்கில் தேவைப்பட்டனர். 14 வயதுச் சிறுமி கையில் விளக்கேந்தி அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாக நின்றாள். படத்தில் பெயர் குறிப்பிடப்படவில்லை. தந்தைக்கு மகளின் திரையுலக நாட்டத்தில் உடன்பாடு இல்லை. இருந்தும் 1921-இல் பள்ளிப் படிப்பை விட்டுவிட்டு அவர் முழுநேர நடிகையானார்.

17 வயதில் கதாநாயகி

மறு ஆண்டே பெரிய வாய்ப்பு வந்தது. இருவண்ண டெக்னிகலர் முறையில் உருவான தொடக்ககால முழுநீளப் படமான 'தி டோல் ஆஃப் தி சீ' 1922-இல் வெளியானபோது, அதன் கதாநாயகி அன்னா. கடலில் ஒதுங்கிய அமெரிக்க இளைஞனைக் காப்பாற்றிக் காதலிக்கும் சீனப் பெண், அவனால் கைவிடப்பட்டு, பெற்ற குழந்தையை அவனுடைய அமெரிக்க மனைவியிடம் ஒப்படைத்துவிட்டுக் கடலில் இறங்கி உயிர்விடுகிறாள் என்பது கதை. மிகையான அழுகையும் கையசைவுகளும் நிறைந்திருந்த மௌனப் பட யுகத்தில், 17 வயதுப் பெண்ணின் அடக்கமான நடிப்பு விமர்சகர்களைக் கவர்ந்தது. அந்தப் படத்தை இன்று பார்ப்பவர்களுக்கும் அது விளங்கும்.

ஆனால் அந்தக் கதையின் முடிவே அவருடைய திரைவாழ்வின் வாய்பாடாகவும் மாறிவிட்டது. வெள்ளையரைக் காதலிக்கும் கீழை நாட்டுப் பெண், படம் முடிவதற்குள் இறந்தாக வேண்டும். கத்தியாலோ நஞ்சாலோ கடலாலோ அவர் படத்துக்குப் படம் செத்துக்கொண்டிருந்தார்.

1924-இல் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் நடித்த 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' படத்தில் வஞ்சகம் நிறைந்த மங்கோலிய அடிமைப் பெண்ணாகத் தோன்றினார். வேடம் சிறியதுதான். ஆனால் உலகெங்கும் ஓடிய அந்தப் படம் அவரை எல்லா நாட்டு ரசிகர்களுக்கும் அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டில் சீனக் கதைகளைப் படமாக்கவெனச் சொந்தமாக ஒரு தயாரிப்பு நிறுவனத்தையும் தொடங்கினார். கூட்டாளியின் நேர்மையின்மையால் அது நிலைக்கவில்லை.

அதன்பின் வந்த ஆண்டுகளில் ஒரு வழக்கத்தை அவர் திரும்பத் திரும்பக் காண நேர்ந்தது. சீனக் கதாநாயகி வேடம் வெள்ளை நடிகை ஒருவருக்குப் போகும். கண்களை ஒப்பனையால் மாற்றிக்கொண்டு அவர் நடிப்பார். பக்கத்தில் தோழியாகவோ பணிப்பெண்ணாகவோ அன்னா நிற்பார். 1928-இல் வெளியான 'தி கிரிம்சன் சிட்டி' படத்தில் மர்னா லாய் சீனப் பெண்ணாக நடிக்க, அன்னாவுக்குத் துணை வேடமே கிடைத்தது. சலிப்புற்ற அவர் அதே ஆண்டில் சகோதரியுடன் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார்.

ஐரோப்பா தந்த மேடை

பெர்லினில் ரிச்சர்ட் ஐக்பெர்க் இயக்கிய 'சாங்' படம் அவரை ஒரே ஆண்டில் ஐரோப்பிய நட்சத்திரமாக்கியது. தத்துவ எழுத்தாளர் வால்டர் பெஞ்சமின் அவரைச் சந்தித்து ஒரு கட்டுரை எழுதினார். லண்டனில் இ.ஏ. டூபாண்ட் இயக்கிய 'பிக்காடில்லி' 1929-இல் வெளியானது. இரவு விடுதி ஒன்றின் பாத்திரம் கழுவும் கூடத்திலிருந்து நடன மேடைக்கு உயரும் ஷோஷோ என்ற பெண்ணாக அவர் நடித்தார். படத்தின் அதிகாரபூர்வக் கதாநாயகி வேறொருவர். ஆனால் திரையில் அன்னா தோன்றும் கணங்களில் பார்வையாளரின் கண் மற்றவர் பக்கம் திரும்புவதில்லை. விளம்பரங்களில் அவருடைய தோற்றம் தாராளமாகப் பயன்படுத்தப்பட்டது. வெள்ளைக் கதாநாயகனுடனான முத்தக் காட்சியோ படத்தில் இடம்பெறவில்லை.

அதே ஆண்டு லண்டன் நாடக மேடையில் 'தி சர்க்கிள் ஆஃப் சாக்' நாடகத்தில், அப்போது இளைஞராக இருந்த லாரன்ஸ் ஒலிவியருடன் இணைந்து நடித்தார். சீன இளவரசியைப் போன்ற தோற்றத்திலிருந்து அமெரிக்க உச்சரிப்பு வெளிவந்ததை விமர்சகர்கள் பொறுத்துக்கொள்ளவில்லை. அவர் மனம் தளராமல் ஆசிரியரை அமர்த்தி உச்சரிப்பைத் திருத்திக்கொண்டார். ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளையும் பயின்றார். பேசும்படம் வந்த புதிதில் பின்னணிக் குரல் சேர்க்கும் முறை வளர்ந்திருக்கவில்லை. ஒரே படத்தை மொழிக்கொரு முறை தனித்தனியே எடுப்பார்கள். 1930-இல் வெளிவந்த 'தி ஃபிளேம் ஆஃப் லவ்' படத்தின் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய மூன்று வடிவங்களிலும் அன்னாவே சொந்தக் குரலில் பேசி நடித்தார். வியன்னாவில் ஓர் இசைநாடகத்திலும் ஜெர்மன் மொழியில் பாடி நடித்தார்.

இந்தப் புகழைக் கண்ட பாராமவுன்ட் நிறுவனம் முன்னணி வேடங்கள் தருவதாகக் கூறி அவரை மீண்டும் அழைத்தது. 1930-இல் நாடு திரும்பி, நியூயார்க் பிராட்வே மேடையில் 'ஆன் தி ஸ்பாட்' நாடகத்தில் நடித்தார். அந்த நாடகம் ஓடிக்கொண்டிருந்தபோதே, நவம்பர் மாதம், லாஸ் ஏஞ்சலீஸில் வீட்டின் முன் கார் மோதி அவருடைய தாய் உயிரிழந்தார்.

ஊதியத்திலும் இனம்

பாராமவுன்ட் கொடுத்த முதல் முன்னணி வேடம், 1931-இல் வெளியான 'டாட்டர் ஆஃப் தி டிராகன்'. கொடூரத்தின் உருவமாகக் கற்பனை செய்யப்பட்ட ஃபூ மான்சூ என்ற சீன வில்லனின் மகள் வேடம் அது. கதையின் மையப் பாத்திரமாக நடித்த அன்னாவுக்கு ஊதியம் 6,000 டாலர். ஜப்பானில் பிறந்த செஸ்ஸூ ஹயகாவாவுக்கு 10,000 டாலர். சுமார் 23 நிமிடங்கள் மட்டுமே தோன்றிய, சுவீடனில் பிறந்து சீனராக ஒப்பனையிட்டுக்கொண்ட வார்னர் ஓலண்டுக்கு 12,000 டாலர்.

மறு ஆண்டு வெளியான 'ஷாங்காய் எக்ஸ்பிரஸ்' அவருடைய படங்களில் இன்று மிகுதியாகப் பேசப்படுவது. ஜோசப் வான் ஸ்டெர்ன்பெர்க் இயக்கிய அந்தப் படத்தின் நாயகி மார்லீன் டீட்ரிச். உள்நாட்டுப் போர் நடக்கும் சீனாவில் ஓடும் ரயிலில், டீட்ரிச்சின் பெட்டித் துணையான ஹூய் ஃபெய் என்ற பெண்ணாக அன்னா நடித்தார். வசனம் குறைவு. சீட்டுக்கட்டை அடுக்கியபடி அவர் அமர்ந்திருக்கும் அமைதிக்கே அந்தப் படத்தில் தனி எடை உண்டு. தன்னைச் சீரழித்த போர்த்தளபதியை இறுதியில் குத்திக் கொல்பவளும் ஹூய் ஃபெய்தான். ஆனால் அவள் விலைமாது என்பதே சீனப் பத்திரிகைகளின் கண்ணில் பட்டது. சீனப் பெண்களை இழிவுபடுத்துகிறார் என்று அவை அன்னாவைச் சாடின. அமெரிக்காவில் அவருக்குக் கிடைத்ததோ அத்தகைய வேடங்கள் மட்டுமே.

அதே காலத்தில் 'தி சன்-டாட்டர்' என்ற எம்ஜிஎம் படத்தின் சீன நாயகி வேடத்துக்காக ஒத்திகைப் படப்பிடிப்பில் கலந்துகொண்டார். சீனப் பாத்திரத்துக்கு அவர் அளவுக்கு மீறிச் சீனராக இருக்கிறார் என்று கூறி நிறுவனம் அவரை நிராகரித்தது. அந்த வேடத்தில் ஹெலன் ஹேய்ஸ் நடித்தார். 1934-இல் நியூயார்க்கின் ஆடை அலங்கார அமைப்பு ஒன்று உலகிலேயே மிக நேர்த்தியாக உடுத்தும் பெண் என அவரைத் தேர்ந்தெடுத்தது. நல்ல வேடங்கள் மட்டும் வரவில்லை.

கைநழுவிய ஓலான்

பேர்ல் எஸ். பக் எழுதிய 'தி குட் எர்த்' நாவல் 1931-இல் வெளியாகி மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. வாங் லுங் என்ற ஏழை விவசாயியும் அவன் மனைவி ஓலானும் பஞ்சத்தோடும் நிலத்தோடும் போராடும் கதை. எம்ஜிஎம் அதைப் பெரும் பொருட்செலவில் படமாக்க முடிவு செய்தபோது, ஓலான் வேடம் அன்னாவுக்கே என்று பத்திரிகைகள் பல எழுதின. சீனப் பெண்ணை வஞ்சகியாகவோ காமக்கிழத்தியாகவோ அல்லாமல், உழைத்து வாழும் மனுஷியாகக் காட்டும் முதல் பெரிய ஹாலிவுட் வேடம் அது. அதற்காகவே அவர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்.

வாங் லுங் வேடத்துக்குப் பால் முனி தேர்வானதோடு கதவு மூடப்பட்டுவிட்டது. முனி வெள்ளையர். வெவ்வேறு இனத்தவரிடையேயான காதலையும் உறவையும் திரையில் காட்டக் கூடாது என்ற திரைத் தணிக்கை நெறி 1934 முதல் கடுமையாகச் செயல்படுத்தப்பட்டது. சீனராக வேடமிட்ட வெள்ளை நடிகருக்கு, வெள்ளை நடிகைதான் மனைவியாக நடிக்க முடியும். நாயகன் சீனராகத் தேர்வாகியிருந்தால் இந்தச் சிக்கலே எழுந்திராது. அதை நிறுவனம் செய்யவில்லை. சீன அரசுத் தரப்பும் அன்னாவைத் தேர்வு செய்வதை விரும்பவில்லை.

அவருக்கு எம்ஜிஎம் முன்வைத்த மாற்று, தாமரை என்ற பாத்திரம். குடும்பத்தைக் குலைக்கும் இரண்டாம் மனைவி அவள். படத்தில் பரிவுக்கு இடமில்லாத ஒரே முக்கியப் பெண் வேடம். வெள்ளை நடிகர்கள் நல்ல சீனர்களாக நடிக்க, சீனப் பெண் மட்டும் தீயவளாக நடிப்பதா என்று கருதிய அன்னா அதை ஏற்க மறுத்தார். அவர் வாழ்வில் எடுத்த மிகத் துணிவான முடிவு அதுவே எனலாம். வாய்ப்பு குறைந்திருந்த நேரத்தில் எடுத்த முடிவு. ஆஸ்திரிய நடனக் கலைஞர் டில்லி லோஷ் அந்த வேடத்தை ஏற்றார். அன்னாவின் தங்கை ஒருவர் அதே படத்தில் சிறு வேடத்தில் தோன்றினார்.

இதே காலத்தில் ஹாலிவுட்டில் புகழுடன் திகழ்ந்த இன்னொரு நடிகையை இந்திய வாசகர்கள் இங்கு நினைவுகூரலாம். மும்பையில் பிறந்து கொல்கத்தாவில் வளர்ந்த மெர்ல் ஓபரான், தாம் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்ததாகக் கூறித் தம் ஆசியப் பூர்வீகத்தை இறுதிவரை மறைத்து வாழ்ந்தார். முன்னணி வேடங்களும் ஆஸ்கர் பரிந்துரையும் அவருக்குக் கிடைத்தன. தோற்றத்தாலும் பெயராலும் அன்னாவுக்கு அப்படி மறைத்துக்கொள்ளும் வழி இருக்கவில்லை.

சீனாவும் சொந்தமாகவில்லை

வேடம் கைநழுவிய பின், 1936 ஜனவரியில் அவர் முதன்முறையாகச் சீனாவுக்குப் புறப்பட்டார். தந்தை ஏற்கெனவே தென் சீனாவின் தைஷான் பகுதியிலுள்ள பூர்வீகக் கிராமத்துக்குத் திரும்பியிருந்தார். வழியில் ஜப்பானில் செய்தியாளர்கள் திருமணத்தைப் பற்றிக் கேட்டபோது, கலையையே மணந்துகொண்டதாக அவர் ஆங்கிலத்தில் சொல்லிவைத்தார். கலையைக் குறிக்கும் 'ஆர்ட்' என்ற சொல்லை ஓர் ஆணின் பெயராக எண்ணிய ஜப்பானிய நாளிதழ்கள், ஆர்ட் என்ற பெயருடைய கான்டன் நகரச் செல்வந்தரை அவர் மணந்துள்ளதாக மறுநாள் எழுதின. உண்மையில் அவர் கடைசிவரை மணம் புரியவில்லை. வெவ்வேறு இனத்தவர் மணந்துகொள்ளக் கலிபோர்னியாவில் இருந்த தடை 1948-இல்தான் நீங்கியது.

ஷாங்காயில் கலைஞர்களும் எழுத்தாளர்களும் அவரை விருந்துகளுக்கு அழைத்தனர். ஆனால் அவருக்குத் தெரிந்தது தென் சீனக் குடும்பப் பேச்சுமொழி மட்டுமே. பொதுமொழியான மாண்டரினில் உரையாட இயலவில்லை. தென் சீனப் பயணத்தின்போது, நாட்டுக்கு இழுக்குத் தேடித் தந்தவர் கரையிறங்கக் கூடாது என்று கூட்டத்திலிருந்து சிலர் முழக்கமிட, அவர் கண்ணீர் விட்டார். அமெரிக்காவில் மிகையாகச் சீனர் எனப்பட்டவர், சீனாவில் மிகையாக அமெரிக்கர் எனப்பட்டார். பின்னர் தந்தையுடன் பூர்வீகக் கிராமத்துக்குச் சென்று, குடும்பத்தாருடன் நாள்களைக் கழித்தார். சீன நாடகங்களைப் பார்த்தார், உடைகளைத் தைத்துக்கொண்டார், பயணம் முழுவதையும் படம் பிடிக்கச் செய்தார். அந்தப் பதிவுகள் 1957-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயின.

திரும்பி வந்த அன்னா, இனி இழிவான சீன வேடங்களை ஏற்பதில்லை என்ற உறுதியில் இருந்தார். 1937-இல் வெளியான 'டாட்டர் ஆஃப் ஷாங்காய்' அந்த உறுதியின் விளைவு. தந்தையைக் கொன்ற ஆள்கடத்தல் கும்பலைத் துப்பறிந்து பிடிக்கும் பெண்ணாக அவரும், அரசுத் துப்பறிவாளராகக் கொரிய வம்சாவளி நடிகர் ஃபிலிப் ஆனும் நடித்தனர். படத்தின் முடிவில் அவர் சாகவில்லை, நாயகனுடன் இணைகிறார். குறைந்த செலவில் எடுக்கப்பட்ட இந்தச் சிறு படம் 2006-இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. 1939-இல் வெளியான 'கிங் ஆஃப் சைனாடவுன்' படத்தில் அறுவை சிகிச்சை மருத்துவராகவும் தோன்றினார்.

ஜப்பான் சீனாவின்மீது படையெடுத்ததும், தம் திரையுடைகளை ஏலமிட்டுச் சீன நிவாரணத்துக்கு நிதி திரட்டினார். 1942-இல் நடித்த 'பாம்ஸ் ஓவர் பர்மா', 'லேடி ஃப்ரம் சுங்கிங்' ஆகிய இரு படங்களின் ஊதியத்தையும் அதே பணிக்கு வழங்கினார். இருந்தும், 1943 ஏப்ரலில் சீனத் தலைவர் சியாங் கை-ஷெக்கின் மனைவிக்கு ஹாலிவுட் பெரும் வரவேற்பு அளித்தபோது, திரையுலகினர் திரண்ட மேடையில் அன்னாவுக்கு இடம் அளிக்கப்படவில்லை.

கடைசி ஆண்டுகள்

போருக்குப் பின் வாய்ப்புகள் அருகின. குடிப்பழக்கமும் கல்லீரல் நோயும் அவரை வாட்டின. சான்டா மோனிகாவில் இருந்த வீட்டைக் குடியிருப்புகளாகப் பிரித்து வாடகைக்கு விட்டு அந்த வருவாயில் வாழ்ந்தார். 1949-இல் தந்தை காலமானார்.

1951-இல் டூமாண்ட் தொலைக்காட்சி அவருக்கெனவே ஒரு தொடரை உருவாக்கியது. 'தி கேலரி ஆஃப் மேடம் லியூ-சோங்' என்ற அந்தத் தொடரில், கலைப்பொருள் காட்சியகம் நடத்தியபடி குற்றங்களைத் துப்பறியும் பெண்ணாக அவர் நடித்தார். பாத்திரத்தின் பெயர் அவருடைய இயற்பெயர். ஆசிய வம்சாவளியினர் ஒருவரை முதன்மைப் பாத்திரமாகக் கொண்ட முதல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் அது. அதன் ஒரு பகுதிகூட இன்று கிடைக்கவில்லை.

1960-இல் ஹாலிவுட் புகழ் நடைபாதையில் அவர் பெயருக்கு ஒரு நட்சத்திரம் பதிக்கப்பட்டது. அதே ஆண்டில் லானா டர்னர் நடித்த 'போர்ட்ரெய்ட் இன் பிளாக்' படத்தில் பணிப்பெண்ணாகத் திரைக்குத் திரும்பினார். பெரும்பாலும் ஆசிய நடிகர்களையே கொண்டு தயாரான 'ஃபிளவர் டிரம் சாங்' படத்தில் நடிக்கவும் ஏற்பாடாகியிருந்தது. அதற்குள், 1961 பிப்ரவரி 3-ஆம் தேதி, சான்டா மோனிகா இல்லத்தில் மாரடைப்பால் உறக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயது 56. அவருக்கென இருந்த வேடத்தில் ஜுவானிட்டா ஹால் நடித்தார். ஹால் ஆப்பிரிக்க அமெரிக்க வம்சாவளியினர்.

அன்னாவின் அஸ்தி லாஸ் ஏஞ்சலீஸின் ரோஸ்டேல் கல்லறைத் தோட்டத்தில் தாயின் கல்லறையிலேயே அடக்கம் செய்யப்பட்டது. கல்லில் அவர் பெயர் சீன எழுத்துகளில் மட்டுமே உள்ளது.

2022 அக்டோபரில் அமெரிக்க நாணயச் சாலை வெளியிட்ட 25 சென்ட் நாணயத்தின் ஒரு பக்கத்தில், கையில் தாடையைத் தாங்கிய அவருடைய முகம் பொறிக்கப்பட்டது. அமெரிக்க நாணயத்தில் இடம்பெற்ற முதல் ஆசிய வம்சாவளி அமெரிக்கர் அவரே. அதற்கு ஐந்து மாதங்களுக்குப் பிறகு, 2023 மார்ச்சில், மலேசிய நடிகை மிஷல் யோ சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றார். சீனப் பெண்ணாக வேடமிட்டு லூயிஸ் ரெய்னர் அதே விருதைப் பெற்று அப்போது 85 ஆண்டுகள் ஆகியிருந்தன.